வரைபடம் வரைபவர்

டாம் மால்ட்வே தொகுத்து 1981இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பேசிக் பெட்டிதான் நாங்கள் ஆடுவது. ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் மேசையும் திரைக்குள் வந்துவிட்டது. அந்த மேசையைத் தரும் மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. 2004இல் வந்த ஃபேன்டஸி கிரவுண்ட்ஸ், 2012 முதல் பிரவுசரிலேயே ஓடும் ரோல்20, ஒருமுறை வாங்கினால் போதும் என்று 2020இல் வந்த ஃபவுண்ட்ரி, காசே கேட்காத மேப்டூல். எதில் வெளிச்சமும் நிழலும் அழகாக விழுகின்றன என்று பார்த்தே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். பழைய ஆட்டத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் விதிநூலிலேயே இருக்கிறது. நிலவறைக்குள் நேரம் 10 நிமிட டர்ன்களாக நகரும். ஒரு தீப்பந்தம் 6 டர்ன் எரியும். எண்ணெய் விளக்கு 24. இரண்டு டர்னுக்கு ஒருமுறை, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் ஒரு பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் இருட்டிலிருந்து ஏதோ வருகிறது.

இந்த நெருக்கடிக்குள்தான் ஆட்டக்காரர்களில் ஒருவர் கட்டத்தாளில் வரைபடம் வரைகிறார். "வடக்கே 30 அடி, பிறகு கிழக்கே திரும்புது" என்று மாஸ்டர் சொல்வதைக் கேட்டு, பத்தடிக்கு ஒரு கட்டமாகக் கோடு இழுக்கிறார். திடீரென்று நிமிர்ந்து, "இந்த ரெண்டு அறைக்கும் நடுவுல 20 அடி சும்மா கிடக்கே!" என்கிறார். அங்கே ரகசியக் கதவு இருக்கலாம். பத்தடிச் சதுரத்தைத் துழாவ ஒரு டர்ன் போகும். கிடைக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்று, எல்ஃப் என்றால் ஆறில் இரண்டு. பந்தமோ எரிந்துகொண்டிருக்கிறது. தேடுவதா, திரும்புவதா என்று குழுவே வாதாடும். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த கணம் அதுதான்.

அந்த அழகான வெளிச்சத்தைத் தரும் டைனமிக் லைட்டிங்கைப் போட்டுவிட்டால், பொம்மையை நகர்த்த நகர்த்தச் சுவர்கள் தாமாகத் தெரியும். காது கொடுத்துக் கேட்க வேண்டிய தேவையே போய்விடும். வரைபவருக்கும் வேலை இல்லை.

அதனால் நாங்கள் ரோல்20இல் வெற்றுக் கட்டப் பக்கம் ஒன்றைத் திறந்து, பேனாவை வரைபவரிடம் கொடுத்துவிட்டோம். டர்ன் டிராக்கரில் 'தீப்பந்தம்' என்று எழுதி, எண்ணை 6 ஆக்கி, சுற்றுக்கு ஒன்று குறையும்படி வைத்தால் போதும். எண் இறங்குவதை எல்லோரும் பார்க்கலாம். அது 2ஐத் தொடும்போது குரல்களே மாறும். சண்டையில் யார் முதலில் என்ற முன்னுரிமைக்கு அந்த டிராக்கரை நம்புவதில்லை. அது ஆளாளுக்கு வரிசை போடுகிறது, எங்கள் விதியிலோ அணிக்கு ஒரு பகடைதான். கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும் பழைய கணக்கையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இதெல்லாம் தொல்லை என்பவர்கள் ஃபவுண்ட்ரியில் இதே பழைய விதிகளுக்கான ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். கணக்கை அது ஒழுங்காகப் பார்க்கும். வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிடுங்கள்.

அதே 1981இல் வந்த துப்பறியும் ஆட்டமான 'கால் ஆஃப் கதுல்ஹு'வுக்கு என்றால் வேறு மாதிரி யோசிப்பேன். அங்கே துப்புகள் பழைய கடிதமாகவும் செய்தித்தாள் துண்டாகவும் வரும். அவற்றை ஒருவருக்கு மட்டும் காட்ட எந்த மென்பொருளில் வசதி அதிகம் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.