உபின் சரளையும் ஒரு ஜோடி முழங்கால் கவசமும்

சனிக்கிழமை காலை. சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் எங்கள் படகு புலாவ் உபினுக்குக் கிளம்பியது. படகோட்டி அங்கிள் எங்கள் இரண்டு சைக்கிள்களையும் வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் மடியில் ஒரு பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பையில் இரண்டு ஜோடி முழங்கால் கவசங்கள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அது என் மனைவி போட்ட நிபந்தனை. “ரெண்டு பேரும் அதைக் கழட்டக் கூடாது. சம்மதம்னா போய்ட்டு வாங்க” என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை. என் வலது முழங்காலைத்தான் பார்த்தார்.

அந்த முழங்காலில் நான்கு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தீவில் விழுந்தபோது கிடைத்தது.

கருங்கல் தீவு

உபின் என்றாலே கருங்கல்தான். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமும் ஜோகூர் பாலமும் இந்தத் தீவின் கல்லால் எழுந்தவை. கல்லுடைப்பு நின்றுபோன பிறகு குழிகளில் மழைநீர் தேங்கி அவை பச்சை நிற ஏரிகளாகிவிட்டன. படகுத்துறையிலிருந்து இடப்பக்கம் திரும்பிச் சிறிது தூரம் மிதித்தால் பெக்கான் குவாரி வரும். அங்கே மரக்கிளைகளில் நாரைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதையும் தாண்டிப் போனால் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா.

2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தப் பூங்கா, கெத்தாம் குவாரியைச் சுற்றி 45 ஹெக்டர் பரப்பில் அமைந்துள்ளது. பாதைகளின் கடினத்தைப் பலகைகளில் உள்ள குறிகளே சொல்லிவிடும். நீலச் சதுரம் என்றால் நடுத்தரம். கறுப்பு வைரம் என்றால் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் தேர்ந்தவர்களுக்கு மட்டும். செம்மண், மர வேர்கள், இடையிடையே சரளைக்கல். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது மூச்சே நின்றுவிடும்.

அன்று நான் விழுந்தது நீலச் சதுரப் பாதையில்தான். சரளையில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட்டேன். சக்கரம் வழுக்கியது, முழங்கால் முதலில் தரையைத் தொட்டது. ஊன்றிக்கொள்ளக் கைக்கு நேரமே கிடைக்கவில்லை. மருத்துவமனையில் தாதி காயத்திலிருந்து சரளைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அந்தச் சத்தம் இன்னும் நினைவில் இருக்கிறது.

வீட்டில் நான் சொன்னது, “கவசம் நழுவிடுச்சு.”

நழுவும் கவசம், நழுவாத கவசம்

மகள் தானும் வருகிறேன் என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் கவசங்களைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன்.

இதில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, முன்னால் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு கொண்டது. செங்குத்தான சரிவுகளில் வேகமாக இறங்குபவர்களுக்கு ஏற்றது. ஆனால், ஏற்றத்தில் மிதிக்கும்போது கனமும் வெப்பமும் தாங்காது. மற்றொன்று, உறைபோல் காலில் ஏற்றிக்கொள்வது. இதன் முன்பக்கத்தில் மெத்தென்ற பஞ்சுப் பட்டை இருக்கும். சிலவற்றில் அந்தப் பட்டை சாதாரண நேரத்தில் வளைந்துகொடுக்கும், அடி விழுந்த நொடியில் இறுகிவிடும். சோளமாவைக் கெட்டியாகத் தண்ணீரில் குழைத்து மெதுவாக விரலை விட்டால் உள்ளே போகும். ஓங்கிக் குத்தினால் தடுத்துவிடும். ஏறக்குறைய அதே குணம்தான்.

கவசத்தின் உள்பக்கச் சீட்டில் ‘இஎன் 1621-1’ என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளோட்டிகளுக்காக வகுக்கப்பட்ட தரம் அது. இரண்டு நிலைகள் உண்டு. 50 ஜூல் ஆற்றலுடன் அடிக்கும்போது கவசத்தைத் தாண்டி வரும் விசை முதல் நிலையில் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள்ளும், இரண்டாம் நிலையில் 20க்குள்ளும் இருக்க வேண்டும். அப்படியானால் எல்லாரும் இரண்டாம் நிலையையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் பாதுகாப்பு கூடும்போது பெரும்பாலும் தடிமனும் கூடும். நம் ஊர் வெயிலில், வியர்வையில், தடிமனான கவசம் அரை மணி நேரத்தில் கால்களைவிட்டுப் பைக்குப் போய்விடும்.

அதனால்தான் சொல்கிறேன், மலைச் சைக்கிளைப் பொறுத்தவரை சுகம் ஆடம்பரமல்ல. உறுத்தும் கவசத்தை யாரும் நெடுநேரம் போட்டிருக்கமாட்டார்கள். போட்டிராத கவசம் எத்தனை உயர்ந்த தரமாக இருந்தும் பயனில்லை.

சுகத்தின் முதல் பாதி அளவில் இருக்கிறது. சட்டை வாங்குவதுபோல் ‘எம்’, ‘எல்’ என்று ஊகித்து வாங்காதீர்கள். முழங்கால் சில்லுக்கு மேலே தொடையையும் கீழே கெண்டைக்காலையும் நாடாவால் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். இறுக்கமாக இருந்தால் மடிப்பு விழுந்து முழங்காலின் பின்புறத்தை அறுக்கும். தளர்வாக இருந்தால் நழுவும். பின்புறம் காற்றுப் போகும் வலைத்துணியாகவும், மேல் விளிம்பின் உள்பக்கம் சிலிக்கோன் பட்டை ஓடுவதாகவும் இருப்பது நல்லது. பக்கவாட்டில் திறந்து ஒட்டும் வகையானால் காலணியைக் கழற்றாமலே மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கி வந்ததும் நாங்கள் செய்த சோதனை எளிமையானது. விலைச்சீட்டைக் கிழிக்காமல் இருவரும் கவசத்தை மாட்டிக்கொண்டு எங்கள் வீவக புளோக்கின் படிக்கட்டில் பத்து மாடி ஏறி இறங்கினோம். அண்டைவீட்டுப் பாட்டி வினோதமாகப் பார்த்தார். மகளின் முதல் ஜோடி நான்காவது மாடியிலேயே கீழே இறங்கிவிட்டது. மறுநாள் கடையில் ஓர் அளவு சிறியதாக மாற்றிக்கொண்டோம்.

பாதி வழியில்

இவ்வளவு செய்தும், கெத்தாமில் இரண்டாவது ஏற்றம் முடிந்தபோது மகள் கவசங்களைக் கணுக்காலுக்குத் தள்ளிவிட்டிருந்தாள்.

“ரொம்பப் புழுக்கமா இருக்குப்பா. இறங்குறப்ப போட்டுக்குறேன்.”

தவறென்று சொல்ல முடியாது. நீண்ட ஏற்றங்களில் அனுபவசாலிகளும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் உபினில் நீண்ட ஏற்றமும் இல்லை, நீண்ட இறக்கமும் இல்லை. ஏறிய இடத்திலேயே இறக்கம் தொடங்கிவிடும். மேலே இழுத்துக்கொள்ள நினைவு வருவதற்குள் சரளை வந்துவிடும்.

அதட்டலாம் என்று வாயெடுத்தேன். பிறகு சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, என் வலது கவசத்தை இறக்கித் தழும்பைக் காட்டினேன்.

“அன்னைக்கு கவசம் நழுவலம்மா. பையில இருந்துச்சு. புழுக்கமா இருந்துச்சுன்னு நானே கழட்டி வச்சிட்டேன். இறங்குறப்ப போட்டுக்கலாம்னுதான் நானும் நினைச்சேன்.”

அவள் தழும்பையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அம்மாகிட்ட நழுவிடுச்சுன்னுதானே சொன்னீங்க?”

“ஆமா.”

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தாள். குனிந்து இரண்டு கவசங்களையும் மேலே இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

குவாரி ஏரியைப் பார்த்தபடி வளைந்து செல்லும் ஓரிடத்தில் அவள் விழவும் செய்தாள். பெரிய விழல் இல்லை. ஈரமான வேர் ஒன்றில் பின்சக்கரம் வழுக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, இடது முழங்காலை ஊன்றினாள். நான் ஓடி வருவதற்குள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. முழங்காலில் ஒன்றுமில்லை. கவசத்தின் துணியில் மட்டும் விரல் நீளத்திற்கு ஒரு கீறல்.

முழங்கால் கவசம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. கால் முறுக்கிக்கொண்டால் தசைநாரை அது காப்பாற்றாது. அடியையும் உராய்வையும்தான் தாங்கும். அன்றைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

துவைப்பதில் இருக்கிறது ஆயுள்

கவசத்தில் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் பஞ்சுப் பட்டையல்ல, அதைக் காலோடு பிடித்துவைக்கும் மீள்துணிதான். வியர்வை, வெயில் காப்பு களிம்பு, செம்மண் தூசு மூன்றும் சேர்ந்து சிலிக்கோன் பட்டையில் படிந்துவிட்டால் பிடிமானம் போய்விடும். வெல்க்ரோ திறந்தபடி கிடந்தால் வலைத்துணியைக் கடித்துப் பிய்க்கும்.

அதனால் ஒவ்வொரு பயணத்திற்குப் பிறகும் அலச வேண்டும். பட்டையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, வெல்க்ரோவை ஒட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் மிதமான சவர்க்காரத்தால் கையால் துவையுங்கள். துணி மென்மையாக்கி வேண்டாம். உலர்த்தும் இயந்திரமும் வேண்டாம். நிழலில் காற்றாட உலர்த்துங்கள். ஈரக் கவசத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். பலமான அடிக்குப் பிறகு பட்டையை வளைத்துப் பார்த்து, வெடிப்போ அமுங்கிய பள்ளமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். மேல்விளிம்பு தொடையில் நிற்காமல் இறங்கத் தொடங்கினாலும் அதன் காலம் முடிந்தது என்று பொருள்.

அன்று மாலை சமையலறைப் பின்புறத்தில் நான் கவசங்களை அலசிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றார். மகளின் கவசத்தில் இருந்த கீறலை விரலால் தடவிப் பார்த்தார். மகள் கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனியும் தள்ளிப்போட முடியாது. “அன்னைக்கு என் கவசம் நழுவலை. நான் போட்டுக்கவே இல்லை” என்றேன்.

“தெரியும்” என்றார் மனைவி. “அன்னைக்கு அதைத் துவைக்க எடுத்தது நான்தானே? ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு வியர்வைகூட இல்லை. நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு வருஷமா காத்திருந்தேன்.”

பிறகு கீறல் விழுந்த கவசத்தை என் கையிலிருந்து வாங்கி, பிழிந்து, மூங்கில் கழியில் நிழல் பக்கமாகத் தொங்கவிட்டார்.

“அடுத்த தடவை எப்போ போறீங்க?” என்று கேட்டார்.