துளை சிறிது

நமது வீடுகளில் வியாதியின் பெருமையைக் காயத்தின் நீளத்தைக் கொண்டே அளக்கிறார்கள். ஒரு சாண் தையலுடன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளுக்குப் பத்தியச் சாப்பாடும் பத்துப் பேருடைய உபசாரமும் உண்டு. விரல் நுழையும் துளைகள் மூன்றுடன் வந்தவளுக்கோ, "இவ்வளவுதானா?" என்ற கேள்வியும், அதன் பின்னாலேயே அடுப்பங்கரையும் காத்திருக்கும்.

நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவள். கர்ப்பப்பையில் வளர்ந்த நார்க்கட்டிகளால் மாதந்தோறும் உதிரம் பெருகி, கரும்பலகையின் முன் நிற்கவும் சக்தியற்றுப் போனதால் ரண சிகிச்சைக்கு இசைந்தேன். வயிற்றில் சிறு துளைகளிட்டு, லாப்ராஸ்கோப் என்னும் குழல் வழியே பார்த்துக்கொண்டு கட்டியை அறுத்தெடுக்கும் முறை அது. உள்ளே இடம் உண்டாவதற்காகக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்கிறார்கள். மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்தியதனால் முதலில் என் தோள்பட்டைதான் வலித்தது. அது இரண்டு நாளில் தானே அடங்கிற்று.

அடங்காதது வேறு. நாலாம் நாள் அடிவயிற்றில் வலி மிகுந்து, ஜுரம் கண்டது. "மூன்று துளைதானே!" என்று என் கணவர் தேற்றினார். பார்க்க வந்த சிநேகிதிகளும் அதையே சொன்னார்கள். என் மாமியார் மட்டும் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆறுகிற புண்ணானால் நோவு நாளுக்கு நாள் குறையணும். இது ஏறுகிறது. வண்டியைக் கூப்பிடுடா" என்றார். வைத்திய சாஸ்திரம் சொல்வதும் அதுவேதான்.

குடலில் ஒரு சிறு பொத்தல் இருந்தது. மறுபடியும் மயக்க மருந்து. இம்முறை ஒரு சாண் தையல். குடலோ, மூத்திரப்பையோ, சிறுநீர்க் குழாயோ இப்படிக் காயப்படுவது அபூர்வந்தான் என்று டாக்டரம்மாள் பிற்பாடு விளக்கினார். ஆனால் சூட்டுக் கருவி பட்டு வெந்த இடம் அன்று தெரியாமல், சில நாள் கழித்து இற்றுப்போவதும் உண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரிய கட்டியைச் சிறு துளை வழியே எடுப்பதானால் நறுக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கு மார்சிலேட்டர் என்ற சுழல் கத்தி உண்டு. பாஸ்டன் நகரில் 2013-ல் ஏமி ரீட் என்ற மாதுக்கு நார்க்கட்டியென்று கருதி இக்கருவியால் சிகிச்சை செய்தார்கள். அவரே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். ஆறு குழந்தைகளின் தாய். கட்டிக்குள் புற்று மறைந்திருந்தது. கத்தியால் அது வயிற்றுக்குள் சிதறிப் பரவியது. அவரும் கணவரும் உலகறிய முறையிட்டார்கள். இவ்வகைச் சிகிச்சை பெறும் ஸ்திரீகளில் சுமார் 350 பேருக்கு ஒருவரிடம் இத்தகைய புற்று மறைந்திருக்கலாம் என்று 2014-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிட்டு, எச்சரிக்கை விடுத்தது. ரீட் 2017-ல் தமது 44-வது வயதில் காலமானார். கட்டியைப் பைக்குள் அடக்கியே நறுக்க வேண்டுமென்று 2020-ல் அந்நிர்வாகம் கூறியது.

இதனால் துளை முறையே ஆகாது என்று சொல்ல வரவில்லை. அநேகம் பேர் அதனால் சீக்கிரம் தேறி எழுந்திருக்கிறார்கள். ஆனால், சகோதரிகளே, சிகிச்சைக்கு முன், "கட்டியை எப்படி வெளியே எடுப்பீர்கள்?" என்று கூசாமல் கேளுங்கள். வீடு திரும்பிய பின் வலி ஏறினாலும், ஜுரம், வாந்தி, வயிற்று உப்பல் கண்டாலும், நீர் பிரியாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டிலுள்ளவர்களும் துளைகளை எண்ணிக்கொண்டிராமல், ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்க்கட்டும்.