அம்மா சுற்றி வந்த வழி

கோட்டைப்பட்டினத்தில் எங்கள் அம்மா சைக்கிள் பழகியது 1992-ல். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த காலம் அது. ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அப்பாவின் சைக்கிளில்தான் அம்மா ஏறினாள். முன் பாரில் தம்பி, பின்னால் தண்ணீர்க் குடம். நானும் அதில்தான் குரங்குப் பெடல் போட்டேன்.

குடத்தை இறக்கிவிட்டு, கண்மாய்க்கரையில் தனியாக ஒரு சுற்றுப் போய் வருவாள். "வேலையில்லாம எங்கடி சுத்துறே?" என்பாள் பாட்டி. "சும்மா காத்து வாங்கத்தான் அத்தே!" ஒன்பது வயசு எனக்கு, தோழிகள் முன்னே கூச்சமாக இருக்கும்.

கல்யாணத்துக்குப் பின் இருபது வருஷம் நான் சைக்கிளைத் தொடவில்லை. மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள், அவள் காலேஜ் போனதும் துருப்பிடித்துக் கிடந்தது. அம்மா காலமான மாதம் அதைத் துடைத்துக் காற்றடித்தேன்.

விடியற்காலையில், லாரி ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கண்மாய்க்கரைக்குத் திரும்பினால் செயின் சத்தமும் கொக்குகளும்தான். யாரும் என்னைக் கூப்பிடாத அரை மணி நேரம். அம்மா எதற்குச் சுற்றினாள் என்று இப்போதுதான் புரிகிறது. சொல்லத்தான் அவள் இல்லை.

சகோதரிகளே, பழகும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்கி வையுங்கள். பயம் பாதி போய்விடும்.