ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ‘டெட்’ லேப்டாப்!

புராஜெக்ட் சப்மிஷனுக்கு ரெண்டே நாள் இருக்கும்போதுதான் லேப்டாப் கறுப்புத் திரை காட்டும். அப்போ சென்னைப் பசங்க கால் தானா போற இடம், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம்தான்.

தெருவில் நுழைஞ்சதுமே, ‘என்ன பாஸ் வேணும்?’ குரல்கள். சார்ஜர், கேபிள், கீபோர்டு குவியலைத் தாண்டினால் சர்வீஸ் கடைகள். ‘ஃபார்மட் பண்ணிடலாம் தம்பி’னு யாராவது ஆரம்பிச்சா, உஷார்! விண்டோஸ் படுத்துட்டா ஃபைல்களும் போச்சுன்னு அர்த்தமில்லை. ‘முதல்ல டேட்டா, அப்புறம்தான் ஓ.எஸ்.’னு கறாரா சொல்லிடுங்க.

டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேஸில் போட்டு, வேற கம்ப்யூட்டரில் சொருகினால் பெரும்பாலும் எல்லாம் பத்திரமா இருக்கும். கழற்ற முடியாத மாடலா? பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு காப்பி பண்ணலாம். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தா, 48 இலக்க ரெகவரி கீ வேணும். கிளம்பும் முன்னாடியே உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் தேடிடுங்க. ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’னு சத்தம் போடுதா? திரும்பத் திரும்ப ஆன் பண்ணாம, டேட்டா ரெகவரி ஆட்களிடம் கொடுத்துடுங்க.

ஃபைல் கிடைச்ச சந்தோஷத்துல அப்படியே கிளம்பிடாதீங்க. அதே தெருவில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, பேக்கப் எடுத்து வைங்க. அடுத்த தடவை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஹெட்போன் வாங்க மட்டும் போகலாம்!