எட்டுக்கு அஞ்சு

அமெரிக்காவில் இருக்கிற நண்பர் ஒருத்தர் ஆதரவுக் கடிதம் கேட்டிருந்தார். முதியோர்களோடு வேலை செய்யும் உளவியலாளர்களுக்கு அங்கே பவல் லாட்டன் பெயரில் ஒரு விருது தருகிறார்கள். தனக்கு ஆசிரியராக இருந்தவரை அதற்கு முன்மொழியப் போகிறாராம். 'நீங்களும் இந்தத் துறையில இருக்கீங்க, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க' என்றார். சரியென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கை ஓடவில்லை. லாட்டன் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு எங்கம்மா ஞாபகம்தான் வருகிறது.

1997இல் நான் பயிற்சியில் இருந்தேன். அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். எங்க சேரியில யாருக்குப் பொறந்த தேதி எழுதி வச்சாங்க? நடவுக் கூலிய எங்கியோ வச்சிட்டுத் தேடுது, கொழம்புக்கு ரெண்டு வாட்டி உப்புப் போடுதுன்னு தங்கச்சி சொல்லியனுப்பினாள். கூட்டிவந்து பேராசிரியர் முன்னால் உட்கார வைத்தேன். என் அம்மா என்று அவருக்குத் தெரியும். என் சாதி தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டுதான் ரெண்டு வருஷம் ஓட்டியிருந்தேன்.

என் கையில் லாட்டன் அட்டவணை. லாட்டனும் எலைன் பிராடியும் 1969இல் வெளியிட்டது. போன், கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மாத்திரை, பணம். எட்டு விஷயம், எட்டு மார்க். ஆம்பளைக்கு அப்போதெல்லாம் சமையல், வீட்டு வேலை, துணி மூணையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அவனுக்கு அஞ்சுதான். எங்கப்பாவைச் சோதித்திருந்தால், உலை வைக்கத் தெரியாதது கணக்கிலேயே வந்திருக்காது. பிற்பாடு எல்லாருக்கும் எட்டையும் கேட்கலாம் என்று திருத்திக்கொண்டார்கள்.

போன்ல பேசுவீங்களா? அம்மா போனைத் தொட்டதே இல்லை. சைபர். மாத்திரை? தங்கச்சி பிரிச்சு வச்சாத்தான். எழுத்து தெரிந்தால்தானே அட்டையைப் படிக்க. சைபர். மத்த அஞ்சுலயும் குறையில்லை. நின்றது கடையில்தான்.

'கடைக்குத் தனியா போவாங்களா?' என்றார் பேராசிரியர்.

'போவங்க. தெருவுல நின்னு கேப்பன், குடுப்பாங்க.'

'ஏன் தெருவுல நிக்கணும்? உள்ள போக பயமா இருக்கா?'

அம்மா என்னைப் பார்த்தாள். ஊர்த்தெரு மளிகைக் கடையில் எங்க ஜனம் படியேற முடியாது. காசைப் பலகை மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், பொட்டலம் அதே பலகைக்கு வரும். அதை நான் சொல்லியிருக்கலாம். நான் தாளைப் பார்த்தேன். 'கடைக்குள் செல்லத் தயங்குகிறார்' என்று எழுதி, சைபர் போட்டேன்.

அதோடு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னது, பள்ளிக்கூடம் போகாதவளை ஒரு வாக்கியம் எழுதச் சொன்னது. எல்லாம் சேர்ந்து மறதி நோய்த் தொடக்கம் என்று முடிவானது. பேராசிரியருக்குக் கீழே என் கையெழுத்து.

தங்கச்சி அன்னையிலிருந்து அம்மா கையில் காசு கொடுப்பதில்லை. அடுப்புப் பக்கம் விடுவதில்லை. 'எனக்கு புத்தி கொழம்பிப் போச்சாடா?' என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். எட்டு மாசம் கழித்து கண் முகாமில் புரை எடுத்தார்கள். ரெண்டு கண்ணிலும் முத்தின புரை. அதுக்கப்புறம் காசும் தொலையவில்லை, உப்பும் கூடவில்லை. கண்ணைப் பார்க்கணும்னு எங்க ஒருத்தருக்கும் தோணலை. ஆனால் அந்த எட்டு மாசத்துல கூனிப்போனவள் நிமிரவே இல்லை.

லாட்டனைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். 1973இல் லூசில் நஹேமோவோடு சேர்ந்து எழுதியதில் அவர் சொன்னது இது: கிழவன் கிழவியின் திறமை அவர்கள் உடம்புக்குள் மட்டும் இல்லை, சுற்றியுள்ள சூழல் எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் பொறுத்தது. ஏற்கெனவே தளர்ந்தவரைத்தான் அது அதிகம் ஆட்டிவைக்கும். அவர் படிக்கட்டையும் வீட்டமைப்பையும் அக்கம்பக்கத்தையும் பார்த்தார். மளிகைக் கடைப் படியை அவர் பார்த்ததில்லை. பார்த்த நான் எழுதவில்லை. அவரோட அட்டவணையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், அவரோட இந்த யோசனையைக் கற்றுக்கொடுக்கவில்லை.

மாற்றிச் செய்ய முடியாததும் இல்லை. எழுத்தறியாத முதியவர்களுக்காக ஹரியானாவின் பல்லப்கட் பக்கத்துக் கிராமங்களில் இந்தியில் ஒரு ஞாபகச் சோதனை செய்து 1995இல் வெளியிட்டார்கள். வாக்கியம் எழுது என்பதற்குப் பதில், உன் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல். நான் அம்மாவை உட்கார வைத்ததற்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இது வந்தாச்சு. வீட்டைப் பத்திக் கேட்டிருந்தா அம்மா விடிய விடியச் சொல்லியிருப்பாள்.

கடிதத்தை ஒருவழியாக முடித்தேன். அந்த ஆசிரியரின் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதினேன். கடைசிப் பத்தியில் அந்தக் கடையையும் பலகையையும் என் கையெழுத்தையும் எழுதினேன். லாட்டன் பெயரில் விருது கொடுப்பவர்கள், வாங்குபவர் சோதித்த முதியவர்களை யார் யார் படியேற விடவில்லை என்றும் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

நண்பர் ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். 'கடிதம் நல்லா இருக்கு. கடைசிப் பத்தி மட்டும் விருதுக்குச் சம்பந்தமில்லாம இருக்கே, எடுத்துடலாமா?'

எடுக்க வேணாம்னு சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.