எங்கள் வீட்டுப் பரண்

எங்கள் வீடு ஓட்டு வீடு. மேலே குறுக்கே மூன்று விட்டம் மட்டும் இருக்கும், பலகை கிடையாது. போன ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து என் புத்தகமெல்லாம் ஊறிப் போச்சு. நான் அழுதேன். அப்பா ஒண்ணும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய பெட்டிப் பலகைகள் வாங்கி வந்து விட்டத்தின் மேல் அடுக்கி ஆணி அடித்தார். நான் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். "பலகை நுனி விட்டத்து மேலேதான் முடியணும். அந்தரத்தில் நின்னா மிதிச்சதும் தூக்கிடும்" என்றார். காற்றுப் போக விரல் அளவு இடைவெளியும் விட்டார்.

பரண் முடிந்ததும் அம்மா பித்தளை அண்டாவை ஏற்றச் சொன்னாங்க. அப்பா, "இது அவ்வளவு பாரம் தாங்காது. அண்டா நனைஞ்சா துடைச்சுக்கலாம். புத்தகம் நனைஞ்சா?" என்று கேட்டார். அம்மா சிரிச்சிட்டாங்க.

அக்கா பத்தாவதோடு நின்று வேலைக்குப் போகிறாள். அவள் தகரப் பெட்டியிலிருந்து தன் நோட்டுகளை எடுத்துத் தந்து, "இதையும் மேலே வை. அடுத்த வருஷம் உனக்கு வேணும்" என்றாள். வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன்.

இனி மழை வரட்டும் தோழிகளே, எனக்குப் பயமில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி