வேகத்திற்குக் காவல் நிற்போர்

கோபிசெட்டிபாளையம் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது நெல் வயலும் நீர் நிறைந்த வாய்க்காலுமே. பவானி ஆற்றின் குறுக்கே கொடிவேரியில் எழுந்து நிற்கும் அணையினின்று தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என இரு வாய்க்கால்கள் புறப்பட்டு, நெல்லும் கரும்பும் வாழையும் மஞ்சளும் செழிக்கச் செய்கின்றன. அந்தப் பசுமையை நாடித் திரைப்படம் எடுப்போர் பலர் வந்ததால் 'குட்டிக் கோடம்பாக்கம்' என்ற செல்லப்பெயரும் இவ்வூருக்கு உண்டு. அமைதிக்குப் பெயர்பெற்ற இவ்வூரிலிருந்து, வேகத்துக்குப் பெயர்பெற்ற ஓர் இடத்துக்கு வாசகர்களை இம்மாதம் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அவ்விடத்தின் பெயரும், வியப்பாக, செட்டிபாளையம் என்பதே!

கோபியிலிருந்து குன்னத்தூர், பெருமாநல்லூர் வழியாக அவிநாசியை அடைந்து, அங்கிருந்து கோவை நெடுஞ்சாலையில் சென்றால் நீலம்பூர் வரும். அங்கே பிரியும் புறவழிச் சாலை நம்மைக் கோவை நகரின் தெற்குப் புறத்துக்குக் கொண்டு செல்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். வழியில் வாய்க்கால் பாசனம் மறைந்து, மானாவாரிக் காடுகளும், பனைமரங்களும், நூற்பாலைகளும், விசைத்தறிக் கூடங்களும் மாறி மாறித் தோன்றுகின்றன. கொங்கு நாட்டின் இரு முகங்களையும், உழவையும் தொழிலையும், ஒரே காலைப் பொழுதில் கண்டுவிடலாம்.

ஒரு மனிதரின் கனவு

செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே என்னும் பந்தயத் தடம் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடம், கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் என்பாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நூற்பாலைக் குடும்பத்தில் பிறந்த இவர், செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்த கார்ப் பந்தயத்தை நடுத்தரக் குடும்பத்து இளைஞரும் எட்டிப் பிடிக்கவேண்டும் என்று விரும்பினார். மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய ஒரு சிறு பந்தயக் காரை வடிவமைத்தார். 'ஃபார்முலா மாருதி' எனப் பெயர்பெற்ற அவ்வண்டியே பல இளைஞர்களுக்கு முதற்படி ஆயிற்று. 1995ஆம் ஆண்டு ஒரு சிறு விமான விபத்தில் கரிவரதன் உயிர் நீத்தார். ஆயினும் அவர் நட்ட விதை வீண்போகவில்லை. ஃபார்முலா மாருதியில் ஓடத் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார்.

இத்தடத்தில் பெரிய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும் ஓடுவதில்லை. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தம் கையாலேயே செய்த 'கோ கார்ட்' என்னும் சிறு வண்டிகளும் இங்கே ஓடியிருக்கின்றன. கார்ட் வண்டியின் கதை சுவையானது. 1956ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆர்ட் இங்கல்ஸ் என்ற பந்தயக் கார்த் தொழிலாளி, புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை ஓர் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, நான்கு சிறு சக்கரங்களை மாட்டி ஓட்டிப் பார்த்தார். அதுவே முதல் கார்ட். அதற்கு வில்லும் இல்லை, கூரையும் இல்லை, கதவும் இல்லை. ஓட்டுபவர் தரையினின்று சில அங்குல உயரத்திலேயே அமர்ந்திருப்பார். சாலையின் ஒவ்வொரு சிறு மேடும் அவர் முதுகெலும்புக்குத் தெரியும். உலகப் புகழ்பெற்ற அயர்ட்டன் சென்னாவும் மைக்கேல் ஷூமாக்கரும் சிறு வயதில் இத்தகைய வண்டியில்தான் ஓட்டப் பழகினர். ஷூமாக்கரின் தந்தை கொத்தனார். மகனுக்காக அவர் உள்ளூர்க் கார்ட் தடத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையை ஏற்றார். தாயார் அத்தடத்தின் சிற்றுண்டிச் சாலையில் பணிபுரிந்தார். ஒரு வீரனின் வெற்றிக்குப் பின்னால் ஓர் ஏழைக் குடும்பத்தின் உழைப்பு இருந்தது என்பதை நம் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கொடி பிடிக்கும் தொண்டர்

பந்தயத்தைக் காணச் செல்வோரின் கண்கள் ஓடும் வண்டிகளின்மீதே நிலைத்திருக்கும். ஆனால் தடத்தின் ஓரத்தில், ஒவ்வொரு வளைவிலும், அசையாமல் நிற்கும் சிலரையும் நாம் காணவேண்டும். இவர்களை 'மார்ஷல்' என்று அழைக்கிறார்கள். உலகெங்கும் இப்பணியைச் செய்வோரில் மிகப் பெரும்பாலோர் தொண்டர்களே. வார நாளில் ஒருவர் வங்கியில் கணக்கெழுதுவார், ஒருவர் லேத் பட்டறையில் நிற்பார், ஒருவர் கல்லூரியில் பயில்வார். பந்தய நாளில் எல்லோரும் ஒரே கடமையில் இணைகிறார்கள்.

பொழுது விடிவதற்கு முன்பே அவர்களது வேலை தொடங்கிவிடும். தலைமை அலுவலர் அன்றைய ஒழுங்குகளை விளக்குவார். தடத்தில் கல்லோ ஆணியோ எண்ணெய்க் கறையோ இருக்கிறதா என்று நடந்து பார்க்கவேண்டும். தீயணைப்புக் கருவிகளைச் சரிபார்க்கவேண்டும். வளைவுகளில் அடுக்கிய பழைய டயர்கள் இறுகக் கட்டப்பட்டுள்ளனவா என்று நோக்கவேண்டும். மருத்துவரும் ஆம்புலன்சும் ஆயத்தமாகாமல் பந்தயம் தொடங்குவதில்லை.

தொண்டர் கையிலுள்ள கொடிகளே அவர்களது மொழி. மஞ்சள் கொடி அசைந்தால், 'முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே' என்று பொருள். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால், 'தடம் வழுக்கும்'. நீலம், 'உன்னிலும் விரைந்தவர் பின்னே வருகிறார்' என்று அறிவிக்கும். சிவப்பு, 'அனைவரும் நிறுத்துக'. பச்சை, 'தடை நீங்கியது'. கட்டங்கள் வரைந்த கறுப்பு வெள்ளைக் கொடி, பந்தயம் முடிந்தது என்பதாகும். வண்டியின் இரைச்சலில் குரல் எடுபடாத இடத்தில் ஒரு துண்டுத் துணி உயிரைக் காக்கிறது. கொடி பிடிப்பவர் ஒரு கணம் கண் அயர்ந்தாலும் பெருங்கேடு நேரலாம். ஆகவே வண்டிகள் பாயும் திசையை ஒருவர் நோக்கி நிற்க, மற்றவர் எதிர்த்திசையை நோக்கி நிற்பார். ஒருவர் முதுகை மற்றவர் காப்பது இங்கே சட்டம்.

கொங்கு வெயிலில் நாள் முழுவதும் இவ்வாறு நிற்பது எளிதன்று. உணவுப் பொட்டலத்தைப் பங்கிட்டு உண்பதும், தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றுவதும், புதிதாய் வந்த இளைஞனை மூத்தவர் அருகில் நிறுத்திப் பழக்குவதும் அங்கே இயல்பாக நடைபெறுகின்றன. வண்டி பழுதுபார்க்கும் கொட்டகையிலோ இன்னும் வியப்பான காட்சி. தடத்தில் போட்டியிடும் அணிகளே கொட்டகையில் ஒன்றுக்கொன்று திருப்புளியும் சங்கிலியும் இரவல் கொடுக்கின்றன. எதிரி ஓடாமல் நிற்கும்போது பெறும் வெற்றி வெற்றியாகாது என்பதை அவர்கள் அறிவர்.

உயிரை ஈந்தவர்கள்

இது வெறும் விளையாட்டு என்று நாம் எண்ணிவிடலாகாது. 1973ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு ஸான்ட்வோர்ட் பந்தயத்தில் ரோஜர் வில்லியம்சன் என்ற வீரரின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. அருகில் நின்றோரிடம் தீயைத் தாங்கும் உடை இல்லை. அப்போது டேவிட் பர்லி என்ற மற்றொரு வீரர், தம் பந்தயத்தையே விட்டுவிட்டு, காரை நிறுத்தி இறங்கி ஓடினார். எரியும் காரைத் தனியே நிமிர்த்த முயன்றார். தீயணைப்புக் கருவியைப் பற்றிப் போராடினார். நண்பரைக் காக்க அவரால் இயலவில்லை. ஆயினும் அவரது துணிவுக்காகப் பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு தன் பயணத்தை நிறுத்திய நல்ல சமாரியனை நாம் நற்செய்தியில் அறிவோம். அவனது சாயலை அன்று பந்தயத் தடத்திலும் மக்கள் கண்டனர்.

1977ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கயலாமித் தடத்தில் ஒரு கார் நின்று புகைந்தது. அதனை அணைக்கப் பிரெடெரிக் யான்சன் வான் வூரன் என்ற 19 வயது இளைஞர், கனத்த தீயணைப்புக் கருவியுடன் தடத்தைக் குறுக்கே கடந்தார். மேட்டின் மறுபுறத்திலிருந்து பாய்ந்து வந்த டாம் பிரைஸ் என்பவரின் கார் அவர்மீது மோதியது. இருவருமே மாண்டனர். 2000ஆம் ஆண்டில் இத்தாலியின் மான்சாவிலும், 2001இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும், விபத்தில் கழன்ற சக்கரத்தாலும் சிதறிய பாகங்களாலும் தாக்குண்டு காவல் தொண்டர் ஒவ்வொருவர் உயிரிழந்தனர். இத்தகைய ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் விதிகள் கடுமையாயின; வேலிகள் உயர்ந்தன; சக்கரங்களைப் பிணைக்கும் வடங்கள் வலிமை பெற்றன. இன்று ஒரு சிறுவன் கார்ட் வண்டியில் நலமாகச் சுற்றி வருகிறான் என்றால், முன்பு யாரோ கொடுத்த விலை அதில் அடங்கியிருக்கிறது.

வேகத்தையும் ஆபத்தையும் திருச்சபை எங்ஙனம் நோக்குகிறது என்று சிலர் வினவக்கூடும். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1988ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலியில் ஃபெராரி நிறுவனத்தின் ஃபியரானோத் தடத்துக்கே வருகை தந்து, திறந்த காரில் தடத்தைச் சுற்றி வந்தார். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நிறுவனத்தாரை வத்திக்கானில் வரவேற்றார். மனிதரின் திறமையும் கூட்டு உழைப்பும் இறைவன் தந்த கொடைகள். அவை உயிரை மதிக்கும் ஒழுங்குக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க தெளிவு.

நம் சாலைகளில் கொடி பிடிப்பவர் யார்?

இந்த ஒழுங்கு பந்தயத் தடத்தில் உண்டு; நம் சாலைகளில் உண்டா? 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவற்றுள் நூற்றுக்கு 71 சாவுகளுக்கு அதிவேகமே காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. அவ்வாண்டில் மிகுதியான விபத்துகள் பதிவான மாநிலம் நம் தமிழகமே. தடத்தில் ஓடுபவனுக்குத் தலைக்கவசமும், டயர்ச் சுவரும், மருத்துவரும், ஒவ்வொரு வளைவிலும் காவலரும் உண்டு. எதிரே வண்டி வராது. மகன் பிடிவாதம் பிடித்தான் என்று வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலையில் பறப்பவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. எதிரே பேருந்து வருகிறது, பால்காரர் வருகிறார், பள்ளிக் குழந்தை சாலையைக் கடக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, வேக ஆசை கொண்ட மகனை வெறுமனே கடிந்துகொள்வதால் பயன் சிறிது. பந்தய நாளொன்றில் அவனைச் செட்டிபாளையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டியை மட்டுமன்று, வளைவில் நிற்கும் தொண்டரையும் சுட்டிக்காட்டுங்கள். தக்க வயதும் விருப்பமும் இருந்தால் அவனும் பயிற்சி பெற்று அத்தொண்டருள் ஒருவனாகலாம். பிறர் உயிருக்குக் காவல் நிற்கக் கற்றவன் தன் உயிரையும் எளிதில் பணயம் வைக்கமாட்டான்.

நம் பங்குத் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். தேர்ப்பவனியில் எல்லோருடைய கண்களும் சுரூபத்தின் மீதே இருக்கும். ஆனால் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுபவர், மின்கம்பியைக் கழியால் தூக்கிப் பிடிப்பவர், கூட்டத்தில் குழந்தை சிக்காமல் கயிறு பிடித்து நிற்பவர் இல்லையேல் தேர் நிலை சேருமா? அவர்களது பெயரை ஒலிபெருக்கியில் யாரும் அறிவிப்பதில்லை. பந்தய முடிவில் மேடை ஏறி மாலை பெறுபவர் மூவர். கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு மாலை மங்கலில் வீடு திரும்புபவர் பலர். அன்று எல்லோரும் நலமாக வீடு சேர்ந்தனர் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பரிசு. அந்தப் பரிசின் அருமையை நம் குடும்பங்கள் உணர்ந்து, மறைவில் செய்யும் தொண்டைக் காணும் தந்தையின் திருமுன், நாமும் பிறருக்குக் காவலராய் நிற்க முன்வருவோமாக.